ஊர்க்கூட்டமும் கிராமசபையும்

தமிழகத்துக் கிராமங்களில் இரண்டு சபைகள் கூடுகின்றன. ஒன்று, அரசமைப்புச் சட்டத்தின் 243ஏ பிரிவு அங்கீகரித்துள்ள கிராமசபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மற்றொன்று, எந்தச் சட்டத்திலும் இடம்பெறாத ஊர்க்கூட்டம். கோயில் வாசலிலோ சாவடியிலோ மரத்தடியிலோ அது கூடும். கிராமசபைக்கு ஆள் சேர்க்க ஊராட்சிச் செயலர் வீடு வீடாகச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கிறது. ஊர்க்கூட்டத்திற்குத் தமுக்குச் சத்தமே போதுமானதாக இருக்கிறது.

இந்த வேறுபாட்டிற்கு மக்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அது தவறு. திருவிழா எப்போது, வரி எவ்வளவு, முதல் மரியாதை யாருக்கு, சாமி எந்தத் தெரு வரை வரும், கண்மாய் மீனை ஏலம் எடுப்பவர் யார், புளியமரக் குத்தகைப் பணம் எங்கே போகும் என்பவற்றையெல்லாம் பல ஊர்களில் தீர்மானிப்பது ஊர்க்கூட்டம்தான். முடிவெடுக்கும் இடத்திற்கு மக்கள் போகிறார்கள். முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டு, கையெழுத்து மட்டும் கேட்கப்படும் இடத்திற்குப் போகாமல் இருக்கிறார்கள்.

ஆகவே, கிராமசபையை வலுப்படுத்துவோம் என்று முழங்குகிற நாம், ஊர்க்கூட்டத்தின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதன் வேர் திருவிழாவில் இருக்கிறது.

வரியில் ஒளிந்திருக்கும் அதிகாரம்

மட்டாஞ்சேரியிலும் கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஊர்க்கூட்டம் அந்நியமானதல்ல. பங்குனியிலோ சித்திரையிலோ ஆடியிலோ ஊரில் திருவிழா சாட்டப்பட்டதும் செய்தி இங்கே வந்துவிடும். நாட்கூலியில் மிச்சம் பிடித்து வரிப்பணம் அனுப்புவார்கள். விடுப்பு எடுத்து, குடும்பத்தோடு பேருந்து ஏறுவார்கள். பிறந்த மண்ணோடு உள்ள உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு அந்த வரியே அவர்களுக்குச் சான்று. இந்த உணர்வை ஏளனம் செய்ய எந்த மார்க்சியவாதிக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்த வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது? தலைக்கட்டு வரி என்பது பெயர். திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பெண்ணுக்குத் தனிக் கணக்கில்லை. கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்ணிடம் சில ஊர்களில் அரை வரி வாங்குவார்கள், கூட்டத்தில் பேசும் உரிமை மட்டும் அரையளவுகூடக் கிடையாது. தலித் குடியிருப்பிலிருந்து வரி வாங்குவதே இல்லை என்பது பல ஊர்களில் இன்றும் எழுதப்படாத விதி. வெளிப் பார்வைக்கு இது ஒரு சலுகை போலத் தோன்றும். உண்மையில் இதுதான் விலக்கலின் நுட்பமான வடிவம். வரி கொடுத்தவனே ஊரான். வரி வாங்கப்படாதவன் ஊருக்கு வெளியே நிற்பவன். அவனுக்குத் தேரின் வடத்திலும் பங்கில்லை, கண்மாய் ஏலத்திலும் பங்கில்லை.

சேவைச் சாதிகளின் நிலை இன்னொரு வகை. பறையடிக்கவும், தீப்பந்தம் பிடிக்கவும், மாற்றுத் துணி விரிக்கவும் திருவிழாவுக்கு அவர்கள் வந்தே தீர வேண்டும். ஊரில் அது கூலி பேச முடியாத கடமை. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தோர் கொச்சிக் கோட்டையின் சலவைத்துறையில் இன்றும் தொழில் செய்கிறார்கள். இங்கே அவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு, பேசி வாங்கும் கூலி உண்டு. ஒரே தொழில் ஓரிடத்தில் சாதிக் கடமையாகவும் மற்றோரிடத்தில் கூலி உழைப்பாகவும் இருப்பதன் பொருளை அந்த இரு இடங்களையும் அறிந்தவர்கள் நன்கு உணர்வார்கள்.

திருவிழாவைத் தொட்டால் ஏன் இரத்தம் சிந்துகிறது

ஊர்க்கூட்டத்தின் பிடி எவ்வளவு கொடியது என்பதை 1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிந்தைய மதுரை மாவட்டம் காட்டியது. மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்வுபெற்ற தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. வேட்புமனுவே தாக்கலாகாமல் தடுத்தார்கள். அல்லது வென்றவரை உடனே பதவி விலகவைத்தார்கள். 2006-இல்தான் அங்கே தலித் தலைவர்கள் பதவியில் நிலைக்க முடிந்தது. அந்த நிகழ்வை அன்றைய அரசு சமத்துவப் பெருவிழா என்று கொண்டாடியது.

ஊராட்சித் தலைவர் நாற்காலியில் தலித் அமர்வதை ஏன் இவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தார்கள்? கண்மாய், தரிசு, மரங்கள், பொதுப்பாதை ஆகியவற்றின் மீது சட்டப்படியான அதிகாரம் அந்த நாற்காலிக்கு இருக்கிறது. அவற்றின் வருமானத்தைத் திருவிழாவின் பெயரால் தம் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஊர்மானம் என்று சொல்லப்பட்டதன் அடியில் ஊர்ச்சொத்து இருந்தது.

உத்தப்புரத்திலும் இதே கதைதான். 1989-இல் எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி, மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் நடத்திய போராட்டத்தின் விளைவாக 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. ஆனால் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2011 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செங்கல் சுவரைவிடத் திருவிழாச் சுவர் உறுதியானது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் எழுந்த தகராறு, 2023 ஜூனில் கோயிலுக்கே அதிகாரிகள் முத்திரை வைப்பதில் முடிந்தது. தலித் ஊராட்சித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

ஊர்க்கூட்டம் விரைவாகவும் செலவில்லாமலும் நீதி வழங்குகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்த ஏழைக்கு இந்த வாதம் கவர்ச்சியாகவே தோன்றும். ஆனால் தண்டம் கட்டியவர்களையும் ஊர் விலக்கத்திற்கு ஆளானவர்களையும் எண்ணிப் பாருங்கள்: சாதி மாறி மணந்தவர்கள், கூலி உயர்வு கேட்டவர்கள், வழக்குத் தொடுத்தவர்கள். கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆறுமுகம் சேர்வை வழக்கில் அறிவித்தது. தீர்ப்பு வந்ததால் மட்டும் சாவடி காலியாகிவிடவில்லை. சாவடியில் நடப்பதை நடத்த வேறொரு சபை வேண்டும்.

நிலம் மறுக்கப்பட்டபோது நீரில் கூடிய சபை

அந்த வேறொரு சபை எப்படி உருவாகிறது என்பதற்குக் கொச்சியின் வரலாறு பாடம் சொல்கிறது. 1913-இல் கொச்சி சமஸ்தானத்தின் புலையர் மக்கள் தம் உரிமைகளைப் பேசக் கூட நினைத்தபோது, கரையில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் மேல் கூடினார்கள். பண்டிட் கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் வழிகாட்டிய அந்தக் காயல் சம்மேளனத்தின் தொடர்ச்சியாகப் புலையர் மகாசபை அமைந்தது. சபை கூடும் உரிமைக்காகவே ஒரு மக்கள் கூட்டம் நிலத்தை விட்டு நீருக்குப் போக நேர்ந்த ஊர் இது.

1947 டிசம்பரில், எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில், பாலியம் குடும்பத்தாரின் மாளிகையை ஒட்டிய சாலையில் நடக்கும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். கம்யூனிஸ்டுகளும் முற்போக்காளர்களும் தோள்கொடுத்த அந்தப் போராட்டத்தில் தோழர் ஏ.ஜி. வேலாயுதன் உயிர் நீத்தார். பொதுவெளி இந்த மண்ணில் தானாக மலர்ந்ததல்ல, அடியடியாகப் பிடுங்கப்பட்டது.

அந்த அடித்தளத்தின் மீதுதான் 1996 ஆகஸ்ட் 17 அன்று, மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் முதல் நாளில், இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. இ.எம்.எஸ். அதன் உயர்நிலை வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் கிராமசபை குறைகளைப் பட்டியலிட்டது. பின்னர் வளர்ச்சிக் கருத்தரங்கு விவாதித்தது. அதன் பிறகே திட்டம் எழுதப்பட்டது. கேரளத்தில் 941 கிராமப் பஞ்சாயத்துகளே உள்ளதால் ஒவ்வொன்றும் பெரியது. எனவே கிராமசபை வார்டு அளவில், மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அதைக் கூட்டத் தவறும் வார்டு உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். சபையைக் கூட்டுவதை உறுப்பினரின் விருப்பத்திற்கு விடாமல் கடமையாக்கிய சட்டம் இது.

கொண்டாட்டத்தையும் அந்தப் பஞ்சாயத்துகள் சாதிக்கு விட்டுவிடவில்லை. கேரளோற்சவம் என்ற இளைஞர் கலை, விளையாட்டு விழா பஞ்சாயத்தில் தொடங்கி மாநிலம் வரை நடக்கிறது. 1998-இல் உருவான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் ஓணத்தை ஒட்டிச் சந்தை நடத்துகின்றன. தலைக்கட்டுக் கணக்கில் இடம்பெறாத பெண், அங்கே கணக்கெழுதுகிறாள். அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் பண்பாட்டு நடவடிக்கைகளும் சந்தைகளும் இடம்பெற்றிருப்பதைத் தமிழக ஊராட்சிகள் பெரும்பாலும் மறந்தே போயின.

சாதியின் இடத்தில் கம்பெனி

கேரளம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கிராமசபை பயனாளிகளின் பட்டியலுக்கு ஒப்புதல் தரும் கூட்டமாகச் சுருங்குகிற போக்கும், வசதி படைத்தோர் அங்கே எட்டிப் பார்க்காத போக்கும் இங்கே உண்டு. சபை வலுவிழந்தால் என்ன நேரும் என்பதற்குக் கொச்சிக்கு அருகிலுள்ள கிழக்கம்பலம் எச்சரிக்கை. கிடெக்ஸ் ஆடை நிறுவனத்தின் ஆதரவில் உருவான ட்வென்டி20 என்ற அமைப்பு, 2015-இல் அந்தப் பஞ்சாயத்தின் 19 இடங்களில் 17-ஐக் கைப்பற்றியது. 2020-இல் நான்கு பஞ்சாயத்துகளுக்கு அதன் ஆட்சி பரவியது. அட்டை வைத்திருப்போருக்கு மலிவு விலையில் பொருள்கள் கிடைத்தன. மக்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. விலைவாசியின் கொடுமை அப்படிப்பட்டது.

ஆனால் தொழிற்சாலையின் உரிமத்தையும் கழிவையும் கேள்வி கேட்க வேண்டிய பஞ்சாயத்தை, அந்தத் தொழிற்சாலையின் ஆதரவில் நிற்கும் அமைப்பே ஆண்டால், கேள்வி கேட்பவர் யார்? ஊர்க்கூட்டத்தில் பணமும் குலமும் பெற்ற இடத்தை இங்கே மூலதனம் பெறுகிறது. இரண்டிலும் குடிமகன் கை நீட்டி வாங்குகிறவனாகிறான், கணக்குக் கேட்கிறவனாக இருப்பதில்லை.

காலியான நாற்காலிகள்

தமிழகத்தில் நிலைமை மேலும் கவலைக்குரியது. 2016 முதல் 2019 இறுதி வரை உள்ளாட்சித் தேர்தல் நடத்தப்படவில்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். நியமிக்கப்பட்டவர்களோ தனி அலுவலர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத ஊராட்சியில் ஊர்க்கூட்டம் ஒருநாளும் ஓய்வெடுப்பதில்லை. காலியான ஒவ்வொரு நாற்காலியும் சாவடித் திண்ணையை உயர்த்துகிறது. பாப்பாபட்டியில் பத்தாண்டுகள் வன்முறையால் சாதிக்கப்பட்டதை, மாநிலம் முழுவதும் அரசின் தாமதமே சாதித்துக் கொடுத்துவிடக் கூடாது.

நமது கடமை

வழிபாட்டை ஊராட்சி நடத்த வேண்டும் என்று நாம் கோரவில்லை. மதச்சார்பற்ற அமைப்புக்கு அது வேலையும் அன்று. வழிபாடு நம்பிக்கையாளர்களுக்குரியது, அதில் சம உரிமைக்காகப் போராடுவோம். ஆனால் கண்மாய், மரம், பாதை, விளக்கு, குடிநீர் ஆகியவை ஊராட்சிக்குரியவை. பொதுச்சொத்தின் ஏலம் கிராமசபையில், எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும். வருமானம் ஊராட்சிக் கணக்கில் சேர வேண்டும். திருவிழாவுக்கு ஊராட்சி செய்து தரும் விளக்கும் தண்ணீரும் துப்புரவும் எல்லாத் தெருக்களுக்கும் சமமாகப் போக வேண்டும். பொங்கல் விளையாட்டையும் நூலக விழாவையும் ஊராட்சியே எல்லாக் குடியிருப்புகளையும் சேர்த்து நடத்த வேண்டும். நாம் ஒதுங்கி நிற்கும் திருவிழாக் குழுக்களில் சங் பரிவாரம் காவிக்கொடியோடு நுழைகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மே தினக் கிராமசபை சித்திரைத் திருவிழாக் காலத்தில் வருகிறது. கொச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் உழைப்பாளிகள் ஊர் திரும்பியிருக்கும் நாட்கள் அவை. ஊருக்குப் போகும் தோழர்கள் திருவிழாவோடு திரும்பிவிடாமல், மே முதல் நாள் கிராமசபையில் அமர்ந்து கண்மாய் ஏலக் கணக்கைக் கேட்கட்டும். அண்டை வீட்டுப் பெண்களையும் சேரித் தோழர்களையும் உடன் அழைத்துச் செல்லட்டும். ஒரு பகுதி மக்களிடம் வரி வாங்க மறுக்கும் ஊர்க்கூட்டத்திற்கு நாம் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை, வரி கொடுத்துவரும் வீடுகளிலேயே எழுப்பட்டும்.

தலைக்கட்டு எண்ணும் சபையை, தலைகளை எண்ணும் சபை வெல்ல வேண்டும். அதற்கு உடனடித் தேவை உள்ளாட்சித் தேர்தல். தேர்தலைக் கோரும் போராட்டத்தையும் கிராமசபையில் கணக்குக் கேட்கும் பணியையும் கட்சிக் கிளைகள் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.