ஆற்றின் கணக்கு யார் கையில்?

சூன் 12 என்னும் நாளைக் காவிரிப் படுகை உழவர் எவரும் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மேட்டூரணை திறக்கும் வழக்கமான நாள் அது. அங்கு விட்ட நீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் இறங்கி, தென்பெரம்பூர் கடந்து, மக்கள் மூணாறு தலைப்பு என வழங்கும் நீடாமங்கலத்துத் தலைப்பில் மும்மடங்காகப் பிரிந்து, கூத்தாநல்லூர்ப் பக்கத்து வாய்க்கால்களைத் தொடுதற்குள் மேலும் சில நாள் கழியும். அதற்குள் அவ்வூர்களின் உழவன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். குறுவைக்கு நாற்று விடுவதா, சம்பாவுக்குக் காத்திருப்பதா? விதைநெல்லும் உரமும் ஆட்கூலியும் கடன்பணம். மனைவியின் கழுத்துநகை அடகுக்கடைக்குப் போவதும் போகாமலிருப்பதும் அந்த ஒரு முடிவைப் பொறுத்தன. அம்முடிவெடுக்க அவன் கையிலிருக்கும் கணக்கு யாது? மேட்டூரில் இத்தனை அடி நீர் என்னும் ஒற்றை எண்!

அவ்வெண்ணை நம்பியதால் நேர்ந்ததை 2023-ஆம் ஆண்டு காட்டிற்று. சூன் 12 அன்று அணை திறந்தபோது நீர்மட்டம் நூறடிக்கு மேல் இருந்தது. படுகையெங்கும் குறுவை நட்டனர். ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று, குடகிலும் வயநாட்டிலும் மழை பொய்த்தது. அவ்வாண்டின் ஆகசுட்டு மாதம் 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகசுட்டாக முடிந்தது. நொடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் நீர்விடக் காவிரி மேலாண்மை ஆணையம் ஆகசுட்டு 29-இல் பணித்தது. கருநாடகத்தில் கடையடைப்பு நடந்தது. வழக்கு உச்ச முறைமன்றம் ஏறி இறங்கியது. சனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய மேட்டூரணை அக்டோபர் 10 அன்றே மூடப்பட்டது. கடைமடையில் கதிர்விட வேண்டிய பயிர் கருகிற்று.

இதில் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அமைதிப் பெருங்கடலின் நீர் வெப்பமுறும் 'எல் நினோ' தோன்றிவிட்டதென அமெரிக்க அரசின் கடல், வான் ஆய்வு நிறுவனம் அவ்வாண்டு சூன் 8-ஆம் நாளே அறிவித்துவிட்டது. மேட்டூர் திறந்ததோ நான்கு நாள் கழித்து. எல் நினோ வந்த ஆண்டெல்லாம் தென்மேற்குப் பருவமழை பொய்க்குமென்று சொல்லிவிட முடியாது என்பது மெய்யே. ஆயினும் பொய்க்கும் வாய்ப்பு மிகுதி என்னும் ஒரு சொல்லையேனும் நாற்றங்காலுக்கு நீர்பாய்ச்சிக் கொண்டிருந்தவனிடம் சொல்லியிருக்க வேண்டாவா? சொல்லியிருப்பின், மூன்று மாவில் நட்டவன் ஒரு மாவோடு நிறுத்தியிருப்பான்.

கூத்தாநல்லூரைச் 'சின்னச் சிங்கப்பூர்' என்பர். கடல்கடந்து பொருளீட்டச் சென்றோர் மிகுந்த ஊர். சிங்கப்பூரில் காலையில் பெய்த மழையை அங்குள்ள மகன் நண்பகலுக்குள் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான். தலைக்காவிரிப் பக்கம் நேற்றுப் பெய்த மழை எவ்வளவென்று அவ்வூர் மதகடியில் நிற்பவனுக்குச் சொல்வார் இலர். அவன் வயலுக்கு ஆவணியில் வரவேண்டிய நீர் அந்த மழைதான்.

'அளவுகள் எல்லாமே கணினியில் வருகின்றனவே' என்பார் உளர். வருகின்றன, எவ்வாறு வருகின்றன என்று பார்க்க வேண்டும். காவிரிக் கணக்கில் அடங்கும் அணைகள் எட்டு: கேரளத்தில் பாணாசுர சாகர்; கருநாடகத்தில் ஏமாவதி, ஆரங்கி, கபினி, கண்ணம்பாடி; தமிழகத்தில் கீழ்ப்பவானி, அமராவதி, மேட்டூர். கண்ணம்பாடியின் நிறைமட்டம் 124.80 அடி. கபினியின் நிறைமட்டமோ 2,284 அடி, ஏமாவதிக்கு 2,922 அடி! முன்னது அணையின் அடியிலிருந்து எண்ணியது. பின்னவை கடல்மட்டத்திலிருந்து எண்ணியவை. பாணாசுர சாகருக்கு 775.6 மீட்டர் என்பர். மேட்டூருக்கு 120 அடி. கொள்ளளவைத் தமிழகமும் கருநாடகமும் 'டி.எம்.சி.' என ஆங்கில எழுத்துகளால் சொல்கின்றன. நடுவண் நீர் ஆணையமோ கிழமைதோறும் விடும் அறிக்கையில் நூறு கோடிக் கன மீட்டர் என்னும் வேறோர் அலகால் சொல்கிறது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடிக் கன அடி. அதைத் தமிழில் அவ்வாறே எழுதினால் பள்ளிச் சிறுவனும் பெருக்கிப் பார்ப்பான், எழுதுவாரைத்தான் காணோம்.) எட்டு அணைகளுக்கும் ஒரே அலகில், ஒரே பக்கத்தில், ஒரே நாளில், தமிழில் ஒரு கணக்கு, கடைமடை உழவன் கைக்கு வருவதில்லை. சிதறிக் கிடக்கும் எண்களைத் திரட்டிக் கூட்டிக் கழிக்கும் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டு, 'தரவு திறந்தே கிடக்கிறது' என்பது ஏய்ப்பன்றி வேறென்ன?

பழைய ஏற்பாட்டில் வேறு குறைகள் உண்டு. இந்தக் குறை இல்லை. 1924-ஆம் ஆண்டு பிப்பிரவரி 18-இல் சென்னை அரசும் மைசூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நெறிகளின்படி, கண்ணம்பாடியில் நீரைத் தேக்குமுன் முக்கொம்பு மேலணையின் அளவுகோலில் குறித்த உயரத்திற்கு நீர் நின்றாக வேண்டும். சூனில் 6½ அடி. சூலையிலும் ஆகசுட்டிலும் 7½ அடி. செப்டம்பரில் 7 அடி. ஆற்றில் நட்ட ஒரு கோல்; அதில் அடிக்கணக்கு. பொய் சொல்லவும் மறைக்கவும் அதில் இடம் குறைவு.

இன்று அந்தக் கோலின் இடத்தை எல்லைப்புறத்துப் பிலிகுண்டுலு ஏற்றிருக்கிறது. 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச முறைமன்றம் அளித்த தீர்ப்பின்படி ஓராண்டுக்கு 17,725 கோடிக் கன அடி நீர் அவ்விடத்தைக் கடந்து வரவேண்டும். சூலைக்கு 3,124 கோடி, ஆகசுட்டுக்கு 4,595 கோடி, செப்டம்பருக்கு 3,676 கோடி என மாதக்கணக்கும் உண்டு. அங்கு அளப்பது நடுவண் நீர் ஆணையம். அளவு வந்துவிடுகிறது, அதன் பொருள்தான் சிக்கல். கண்ணம்பாடிக்கும் கபினிக்கும் கீழே பிலிகுண்டுலு வரையுள்ள நிலப்பரப்பிலும் மழை பெய்கிறது. சிம்சையும் அருக்காவதியும் அவ்விடைவெளியில்தான் காவிரியோடு சேர்கின்றன. எல்லையைக் கடந்த நீரில் அணையிலிருந்து விட்டது எவ்வளவு, இடைநிலத்தில் தானே பெருகியது எவ்வளவு? இதனைப் பிரித்துக் காட்டும் மழைக்கணக்கும் ஓட்டக்கணக்கும் இரு மாநில மக்கள் கண்முன்னும் நாள்தோறும் வைக்கப்படுமாயின் பாதிப் பூசல் தொடங்கும் முன்னரே அடங்கும். ஒழுங்காற்றுக் குழு கூடும்; அலுவலர்கள் எண்களைப் பரிமாறுவர்; கூட்டம் கலைந்தபின் ஒவ்வொரு மாநிலமும் தனக்கேற்ற எண்ணைத் தன் செய்தித்தாளுக்குச் சொல்லும். மாண்டியாவின் கரும்பு உழவனுக்கும் கூத்தாநல்லூரின் நெல் உழவனுக்கும் ஒரே ஆற்றைப் பற்றிய இருவேறு கணக்குகள் சொல்லப்படுகின்றன. அவர்கள் ஒருவரையொருவர் பகைப்பதில் வியப்பென்ன?

ஐரோப்பாவில் தன்யூபு ஆறு பத்து நாடுகள் வழியே ஓடுகிறது. செருமானியம், சுலோவாக்கியம், அங்கேரியம், குரோவாசியம், செருபியம், உருமானியம், பல்கேரியம், உக்கிரேனியம் எனக் கரைதோறும் மொழி வேறு. ஒருவர் மீதொருவர் படையெடுத்த வரலாறு அந்நாடுகளுக்கு உண்டு. 2002 ஆகசுட்டில் தன்யூபு, எல்பே படுகைகளின் ஆறுகள் பெருக்கெடுத்துப் பிராகு, திரெசுடன் நகர்களிலும் வெள்ளம் புகுந்தபின் அவர்கள் ஒன்றை உணர்ந்தனர். மேல்நாட்டில் பெய்யும் மழையின் கணக்கு கீழ்நாட்டுக்கு அன்றே வராவிடில் கரையை எத்தனை உயர்த்தியும் பயனில்லை என்பதே அது. அதன்பின் ஐரோப்பிய வெள்ள அறிவிப்பு அமைப்பு உருவாகி 2012 முதல் முழுப்பணியில் உள்ளது. அதன் அமைப்புமுறை கருதத்தக்கது. ஆற்றளவு திரட்டுவது ஓரிடம். மழையளவு திரட்டுவது ஓரிடம். கணிப்பது 1975-இல் பல நாடுகள் கூடி நிறுவிய நடுத்தர நெடுக்க வானிலைக் கணிப்பு நடுவம். அறிவிக்கும் பணியைச் சுவீடன், நெதர்லாந்து, சுலோவாக்கியா ஆகிய மூன்று நாட்டு நிறுவனங்கள் ஏற்றன. எல்லாவற்றையும் ஒரு தலைநகர் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை.

வானிலிருந்து நோக்கும் கருவிகளையும் அவர்கள் அவ்வாறே பொதுமை ஆக்கினர். கோப்பர்னிக்கசு என்னும் வானியல் அறிஞன் பெயரால் அமைந்த திட்டத்தின் 'சென்டினல்' துணைக்கோள்கள் 2014 முதல் விண்ணில் உலவுகின்றன. முகில் மூடினும் ஊடுருவும் இரேடார்க் கருவி அவற்றுள் சிலவற்றில் உண்டு. அவை எடுக்கும் படங்கள் உலகத்தார் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. கண்ணம்பாடித் தேக்கத்தின் நீர்ப்பரப்பு எவ்வளவென்று கூத்தாநல்லூர்ப் பள்ளி மாணவன் ஒருவன் ஐரோப்பியரின் துணைக்கோளைக் கேட்டு அறிந்துகொள்ளலாம்! அந்த அளவை அவனுக்கு முதலில் சொல்லக் கடன்பட்டது ஐரோப்பாவா?

2007-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் நிலம், நீர் முதலியவற்றின் தரவுகளுக்கென ஒரு பொதுநெறி இயற்றியது. ஒவ்வொரு நாடும் தன் கணக்கை ஒத்த வடிவில், ஒத்த அலகில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கலைச்சொற்களுக்கு ஒன்றிய மொழிகளில் நேர்ச்சொல் வகுக்கும் பணியும் உடன் நடந்தது. ஆற்றுக்கணக்கு பகிரப்பட வேண்டுமாயின் சொல்லும் பகிரப்பட வேண்டும் என்று தெளிந்திருந்தனர். இங்கே 'எட்டு மொழி புகுந்தால் குழப்பம்' என்று சொல்லி ஆங்கிலத்தோடு நிறுத்துகின்றனர். இருபத்து நான்கு மொழிகளில் அங்கு வராத குழப்பம் நான்கு மொழிகளில் இங்கு வருமாம்!

ஐரோப்பாவை அப்படியே போற்றுவதும் பேதைமை. 2021 சூலையில் செருமனியின் ஆர் பள்ளத்தாக்கை வெள்ளம் வாரிச் சென்றது. அங்கு மட்டும் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வெள்ள அறிவிப்பு அமைப்பு சில நாள்களுக்கு முன்னரே அலுவலகங்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. அவ்வமைப்பின் உடனடி அறிவிப்புகள் அலுவலர்க்கே உரியன. பொதுமக்கள் ஒரு மாதம் கழித்தே பார்க்கலாம். துணைக்கோளிலிருந்து அலுவலகம் வரை வந்த செய்தி, அலுவலகத்திலிருந்து ஆற்றங்கரை வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. காவிரிப் படுகையிலும் அறுந்து கிடப்பது அந்தக் கடைசிக் கண்ணியே.

நாகப்பட்டினத்து வானிலை நிலையம் எடுக்கும் அளவுகள் உலக வானிலை அமைப்பின் வழியே நாடுதோறும் செல்கின்றன. ஐரோப்பியக் கணிப்பு நடுவமும் அவற்றைப் பயன்கொள்கிறது. அந்நடுவத்தின் கணிப்புப் படங்களைப் பார்த்துப் படுகை மாவட்டத்துத் தன்னார்வலர் சிலர் நாள்தோறும் தமிழில் மழைக்குறி சொல்கின்றனர். உழவர் அதைக் கேட்டு அறுவடை நாளைக் குறிக்கின்றனர். நாகையில் அளந்த காற்று ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு கூத்தாநல்லூருக்குத் தமிழில் வந்து சேர்கிறது! சென்னை வானிலை நடுவமும் தமிழில் அறிக்கை விடுகிறது, அது பாராட்டற்குரியது. ஆனால் அது வானத்தின் கணக்கு. ஆற்றின் கணக்கு அதில் இல்லை.

தில்லியையும் வெங்காலூரையும் குறைகூறுமுன் தமிழகம் தன் முற்றத்தையும் கூட்ட வேண்டும். மேட்டூரில் விட்ட நீர் எவ்வளவென்று நாள்தோறும் செய்தி வருகிறது. கல்லணையில் பிரித்ததும் வருகிறது. நீடாமங்கலத் தலைப்பில் வெண்ணாற்றுக்கும் கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் எவ்வளவு போயிற்று, முறைப்பாசன நாளில் எந்த வாய்க்காலுக்கு எத்தனை கன அடி என்பதைக் கடைமடையான் எங்கே பார்ப்பான்? நீர்வளத்துறையின் குறிப்பேட்டில் அது இருக்கும். 'லசுகர்' என்று மக்கள் அழைக்கும் நீர்க்காவலர் நாள்தோறும் அளவுகோலைப் பார்த்து அதை எழுதுகிறார். (பாரசீகத்தில் படையைக் குறித்த சொல் அது, வாய்க்காலைக் காப்பவர்க்கு இப்பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது.) குறிப்பேடு அலுவலகம் போகிறது, அங்கேயே உறங்குகிறது. உத்தரமேரூரில் ஏரி வாரியத்திற்கு ஆள் தெரியும் முறையைப் பராந்தகன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்தனர். ஆயிரத்து நூறாண்டு கடந்தும் அதை எவரும் போய்ப் படிக்கலாம். நேற்றைய வெண்ணாற்று அளவை இன்று படிக்க வழியில்லை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. எட்டு அணைகளின் இருப்பும் வரவும் வெளியேற்றமும், குடகு, வயநாடு, இடைநிலம் ஆகியவற்றின் மழையளவும், பிலிகுண்டுலுவில் வந்த நீரும் வரவேண்டிய நீரும் ஒரே தாளில் வரட்டும். தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அத்தாளை ஒரே வேளையில் வெளியிட மேலாண்மை ஆணையத்தைத் தமிழக அரசு எழுத்தில் கேட்கட்டும். ஆணையம் மறுப்பின், தனக்கு அங்கு வரும் அளவுகளை வைத்துத் தமிழக அரசே வெளியிடட்டும். வைகாசித் திங்களில் குறுவைக்கு முன்னதாகப் பருவமழைக் குறிப்பையும் அதனோடு சேர்த்து, 'இவ்வளவு நீர் உறுதி, இவ்வளவு ஐயம்' என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். ஐயத்தைச் சொன்னால் உழவன் கலங்கிவிடுவான் என்பது அலுவலரின் அச்சம். ஐயத்தோடு வாழ்ந்தே பழகியவன் அவன்.

நீடாமங்கலத் தலைப்பிலும் கூத்தாநல்லூர்ப் பக்கத்து ஒவ்வொரு மதகிலும் ஒரு கரும்பலகை போதும். சுண்ணக்கட்டி அரசு தரட்டும். எழுதுவதற்கு அந்த நீர்க்காவலர் இருக்கிறார். தாம் நாள்தோறும் ஏட்டில் எழுதுவதை இனி ஊரார் பார்க்கும்படி எழுதுவார்.