பிறர் சுவரில் பூசும் சுண்ணம்

தொழில் வளர்ந்தால் கடையும் பெரிதாக வேண்டும் என்பது நம் ஊர்களில் கேள்வியின்றி ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. மளிகைக்கும் துணிக்கும் அது பொருந்தலாம். அடுக்கி வைக்கும் சரக்கு கூடினால் இடமும் கூடத்தான் வேண்டும். விற்கும் சரக்கென்று பெரிதாக எதுவுமின்றி, இரண்டு கைகளின் திறமையையே முதலாகக் கொண்டு நடக்கும் சிறு அழகு நிலையத்திற்கும் அதே அளவுகோல் செல்லுமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

இலக்கியம் பேசும் இடத்தில் பியூட்டி பார்லருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒப்பனை நமக்குப் புதிய பொருளன்று. கூந்தலை ஐந்து வகையாக முடிக்கும் வழக்கம் பற்றியே 'ஐம்பால்' என்ற சொல் கூந்தலுக்குப் பெயராயிற்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டுக்குப் பத்து வகைத் துவரும், ஐவகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீர் பயன்படுகிறது. அதே காப்பியத்தின் மருவூர்ப்பாக்கத்தில் சுண்ணமும் சாந்தும் பூவும் விற்போர் வீதிகளில் திரிகின்றனர். கவனித்துப் பார்த்தால், விற்றவர்களுக்கு அங்கே தெருதான் இருந்தது. ஒப்பனை செய்தவர்களுக்கோ பிறர் மாளிகையின் உள்ளறைதான் இருந்தது. தன் பெயர்ப்பலகையின் கீழ், தன் கையிலுள்ள சாவியால் கதவைத் திறந்து, ஒப்பனையைத் தொழிலாக நடத்தும் பெண்ணை நாம் பயின்ற காப்பியங்களில் கண்டதில்லை. அவள் நம் காலத்தின் பாத்திரம். ஆகவே அவளுடைய இடப்பெயர்ச்சி நம் அக்கறைக்கு உரியதே.

தஞ்சை, குடந்தை போன்ற ஊர்களில் இக்கதை பெரும்பாலும் ஒரே போக்கில் நடக்கிறது. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இரண்டு நாற்காலி, நடுவே ஒரு திரைச்சீலை. புருவம் திருத்துதல் அன்றாடச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. மணப்பெண் அலங்காரம்தான் மிச்சம் தருகிறது. பத்து ஆண்டு உழைப்பில் வாடிக்கையாளர் பெருகிய பின், கடைத்தெருவை ஒட்டி ஒரு பழைய வீடு வாடகைக்கு வருகிறது. இடம் மூன்று மடங்கு. வாடகை ஒன்றரை மடங்குதான். ஏன் மலிவு என்று கேட்டால், "ஓடு ஒழுகுகிறது, சுவர் உதிர்கிறது, நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள்" என்கிறார் உரிமையாளர். நகை அடகுக்குப் போகிறது, ஏலச்சீட்டு எடுக்கப்படுகிறது. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் கடனும் கிடைக்கலாம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வாடகைக்கும் தவணைக்கும் அந்த விடுமுறை கிடையாது.

இங்கு நாம் சொல்ல வருவது, இடம் மாறாதீர்கள் என்பதன்று. மாடிப்படி ஏற முடியாத மூதாட்டிக்குத் தரைத்தளம் வேண்டும். பிற ஆடவர் கண்ணில் படாமல் முக்காட்டை விலக்க விரும்பும் பெண்ணுக்குக் கதவுள்ள தனியறை வேண்டும். தொழில் கற்க வரும் இரண்டு இளம்பெண்களுக்கு நிற்க இடமும், நாளை சம்பளமும் வேண்டும். இருப்பதை வைத்துக் காலந்தள்ளு என்னும் அறிவுரையை ஆண் நடத்தும் தொழிலுக்கு நாம் அவ்வளவு எளிதில் சொல்வதில்லை. எனவே பெரிய இடத்தை நாடும் விருப்பத்தை ஆடம்பரம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

நம் ஐயம் வேறு. அடகு வைத்த நகை எந்தச் சுவரில் கலக்கிறது என்பதே அது.

பதினொரு மாத ஒப்பந்தம் என்னும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போன ஒன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால், ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்ட தந்திரம் அது. வெறும் நாற்காலி போட்டு அமர்பவருக்கு அந்த ஒப்பந்தம் போதும். தரையை உடைத்துக் குழாய் பதிப்பவருக்குப் போதாது. ஐந்தாண்டில் மீளக்கூடிய முதலீட்டைப் பதினொரு மாத உரிமையின்மேல் கட்டுவது மணலில் தூண் நடுவதற்கு ஒப்பாகும். பழுதெல்லாம் நீங்கிய பின் வீடு நல்ல வீடாகிறது. நல்ல வீட்டிற்கு நல்ல வாடகை கேட்கப்படுகிறது. அதை உயர்த்தியவளே அதைக் கொடுக்க முடியாமல் வெளியேற நேர்கிறது.

தமிழகத்தில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும் என்பது அதன் அடிப்படை. வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்றும் அது சொல்கிறது. 'பத்து மாத அட்வான்ஸ்' என்னும் மரபோ கடைத்தெருவில் இன்னும் உயிரோடிருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், குத்தகைதாரர் தாம் பொருத்தியவற்றைக் காலி செய்யுமுன் எடுத்துக்கொள்ளலாம், இடத்தைப் பெற்ற நிலையில் திருப்பித் தரவேண்டும் என்கிறது. கண்ணாடி, நாற்காலி, ஏசி, வெந்நீர்க் கலன், திருகாணியில் நிற்கும் அலமாரி ஆகியவை உடன் வரும். டைல்ஸ், தரைக்கடியில் ஓடும் குழாய், சுவருக்குள் புதைந்த மின்கம்பி ஆகியவற்றைப் பெயர்த்தெடுத்து என்ன பயன்? செலவின் பெரும்பகுதி இவற்றில்தான் போகிறது.

வரியும் ஒரு சிறு பாடம் தருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் உடன் நீங்கியது. பதிவு பெற்ற நிலையமானாலும் டைல்ஸ் கடையில் கட்டும் வரி இனித் திரும்பாது.

பழைய வீட்டின் இயல்பையும் நாம் மறந்துவிடுகிறோம். சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பிப் பெயரும். முற்றத்தைத் தகடு போட்டு மூடி ஏசி வைப்பது இன்றைய நாகரிகம். தலைச்சாயத்தில் அம்மோனியா உண்டு. முடியை நேராக்கும் சில கலவைகள் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். அவற்றை நாள்தோறும் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்யும் பெண்ணே. திறந்த முற்றம் இலவசமாகத் தரும் காற்றையும், நிறம் மாறாத பகல் வெளிச்சத்தையும் பணம் செலவழித்து அடைப்பது எவ்வகை வளர்ச்சி?

ஆகவே நம் கருத்து இது. ஐந்தாண்டுக்குக் குறையாத, பதிவு செய்த ஒப்பந்தம் முதலில் வரட்டும். கொத்தனார் பிறகு வரட்டும். கூரை, சுவர், வடிகால் ஆகிய கட்டடப் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பாகட்டும். குத்தகைதாரர் செய்தால் தொகை வாடகையில் கழியும் என்பது எழுத்தில் இருக்கட்டும். கைப்பணம் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களில் போகட்டும். எல்லா அறைகளையும் ஒரே நாளில் திறக்க வேண்டியதில்லை. இரண்டறை சம்பாதித்து மூன்றாவதைத் திறக்கட்டும்.

இவற்றைக் கேட்டுப் பெறும் துணிவு வாடகைக்கு வருபவருக்கு எளிதில் வருவதில்லை. முத்திரைத்தாளின் மொழி அவரை அஞ்ச வைக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல்லுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் கூறப் பயின்ற நாம், நம் தெருவில் தொழில் நடத்தும் ஒரு பெண்ணின் நான்கு பக்க ஒப்பந்தத்தை அவர் கையெழுத்திடுமுன் உடனிருந்து படித்துப் பொருள் சொல்லலாம். தமிழ் படித்ததன் பயன்களுள் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.