எல்லை நகர்ந்தது, ஊர் நகரவில்லை

காவிரித் தகராறு கிளம்பும்போதெல்லாம் சாமராஜநகரில் பிழைக்கும் தமிழனைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் பக்கத்துக் கொள்ளேகாலத்தின் கதையை நினைத்துப் பார்ப்பது நல்லது.

1799-ல் திப்பு சுல்தான் வீழும்வரை அது மைசூர்ச் சீமை. பிறகு கும்பெனியார் கைக்குப் போய்க் கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி மறுபடியும் மைசூர் ராஜ்யம். குடியானவன் வரி கட்டும் கச்சேரிதான் மாறியது. வீட்டுப் பேச்சும் மாறவில்லை, கும்பிடும் மாதேஸ்வரனும் மாறவில்லை. அந்த மலைக்குச் சேலம், ஈரோட்டுப் பக்தர்கள் இன்றும் வருகிறார்கள்.

எல்லைக்கு அப்பால் தாளவாடியில் கன்னடம் பேசுவோர் தமிழ்நாட்டில் வரி கட்டி, வோட்டுப் போட்டு வாழ்கிறார்கள். நடிகர் ராஜ்குமாரின் காஜனூரும் அங்கேதான். அவர்களைத் துரோகிகள் என்பது நியாயமா? 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் அடிபட்ட தமிழர்களில் பலர் அன்றாடக் கூலிகள். காவிரிப் பாசனத்தில் அவர்களுக்கு ஏது நிலம்?

தமிழர்களிலேயே சிலர், கன்னடம் படிக்கும் குமாஸ்தாவைத் தமிழை விற்றவன் என்கிறார்கள். இதுவும் அதே கேள்விதான், வேறு வாயிலிருந்து. தாலுகா ஆபீசில் மனு எழுதக் கன்னடம் வேண்டும்; ஊரிலிருக்கும் தாய்க்குக் கடிதம் எழுதத் தமிழ் வேண்டும். இரண்டையும் ஒரே பேனாதான் எழுதுகிறது.