காசு கேட்காத ஏரிக்கரை



வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கோடையில் பெட்டி கட்டும் பெற்றோர் நம் வாசகர்களிலும் உண்டு. அமெரிக்கா, சிங்கப்பூர் என்றிருந்த பட்டியலில் இப்போது ஃபின்லாந்தும் சேர்ந்திருக்கிறது. நோக்கியாவின் தலைமையகம் இருக்கும் எஸ்போ பக்கம் ஐ.டி. வேலைக்குப் போன நம் பிள்ளைகள் இருக்கிறார்களே!

போனால் என்ன செய்கிறோம்? பேரக்குழந்தையோடு நாலு சுவருக்குள் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. எங்காவது போய்த் தங்கலாம் என்று பிள்ளை சொன்னால், ஹோட்டல் வாடகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா வீண் செலவு?" என்கிறோம். எந்த வீட்டில் இந்தக் கணக்கு நடக்கவில்லை?

அந்த வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹெல்சின்கிக்குப் பக்கத்திலேயே நூக்ஸியோ தேசியப் பூங்கா இருக்கிறது. 1994-ல் அமைந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. குறித்துவைத்த இடத்தில், ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரவு தங்கவும் கட்டணம் இல்லை.

வசதி என்று பார்த்தால் கொஞ்சம்தான். கூடாரத்துக்கு இடம், நெருப்பு மூட்ட ஒரு அடுப்பு, விறகுக் கொட்டகை, கழிப்பறை. விறகும் இலவசம், வேண்டிய அளவுக்கு நாமே பிளந்துகொள்ள வேண்டும். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.

நம் வீடுகளில் முதல் கேள்வியே கழிப்பறை பற்றித்தான் வரும். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மரத்தால் கட்டிய சின்ன அறை. ஃப்ளஷ் கிடையாது, குழாயும் கிடையாது. போய் முடித்ததும் பக்கத்தில் இருக்கும் மரத்தூளை ஒரு கை அள்ளி உள்ளே தூவ வேண்டும். எல்லோரும் ஒழுங்காகத் தூவினால் நாற்றம் அவ்வளவாக இருக்காது. டாய்லெட் பேப்பர் நம்முடையது. தண்ணீர் இல்லாமல் ஆகாது என்பவர்கள் சின்ன பாட்டிலில் கொஞ்சம் கொண்டுபோகலாம். வெட் வைப்ஸை மட்டும் உள்ளே போடாதீர்கள், அது மக்காது.

காசு வாங்காத இடம் எப்படிச் சுத்தமாக இருக்கும்? நியாயமான சந்தேகம். விறகு போடுவதும் கழிப்பறையைப் பராமரிப்பதும் அரசு செலவு. மற்ற வேலையெல்லாம் வந்து தங்குகிறவர்களுடையது. அங்கே குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள். ஊறுகாய் பாக்கெட்டின் உறைகூட நம்மோடு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பாத்திரத்தை ஏரியில் முக்கிக் கழுவக் கூடாது. தண்ணீரை மொண்டு, கரையை விட்டுத் தள்ளிப் போய்க் கழுவ வேண்டும். கிளம்பும்போது அடுத்து வருகிறவருக்காகக் கொஞ்சம் சுள்ளி பிளந்து வைத்துவிட்டுப் போவது மரியாதை.

வடக்கே லாப்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. காட்டுக்குள் பூட்டில்லாத மரவீடுகள் உண்டு. நடந்து வரும் யாரும் ஓரிரு இரவு இலவசமாகத் தங்கலாம். இடம் நிறைந்துவிட்டால் யாருக்கு முன்னுரிமை தெரியுமா? கடைசியாக வந்தவருக்கு! முன்பே வந்து களைப்பாறியவர் எழுந்து இடம் விட வேண்டும். துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய நமக்கு இது புதிது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

முழங்கால் வலியோடு தரையில் படுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதென்றால் பகலில் மட்டும் போய்விட்டு வாருங்கள். பேரப்பிள்ளைகள் அப்பாவோடு இரவு தங்கட்டும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ராத்திரி பதினொரு மணி ஆகிவிடும், அதனால் இருட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். குளிருக்கு ஸ்வெட்டரும் கொசுவுக்குக் களிம்பும் அவசியம். புல்லில் உண்ணி இருக்கும். திரும்பியதும் குழந்தைகளின் கால், கழுத்து, அக்குளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் காட்டுத்தீ எச்சரிக்கை உண்டா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இருந்தால் அன்று நெருப்பு மூட்டக் கூடாது. புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது.

ஜூலை கடைசியில் போகிறவர்கள் காலி டிபன் பாக்ஸ் ஒன்றும் எடுத்துவையுங்கள். ப்ளூபெர்ரி பழுத்திருக்கும். யாரும் பறிக்கலாம், அதற்கும் காசு இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்