வேலையிழந்தவனும் வீட்டுக் கடனும்

வீட்டை ஈடுவைத்துப் பெற்ற கடனைக் குறைந்த வட்டிக்குப் புதுக்கடன் வாங்கித் தீர்த்துக்கொள்ளுதல் அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பெருவழக்கு. விண்ணப்பத்திற்கும் கையொப்பத்திற்கும் இடையே வாரங்கள் சில கழியும். அவ்விடைக்காலத்தில் ஒருவன் உத்தியோகம் இழப்பானாயின் அவன் கதி யாது? கையொப்பத்திற்குச் சின்னாள் முன்னர், கடன் கொடுப்போர் அவனுடைய எசமானரை மீண்டும் உசாவுவர். வேலை போயிற்றெனின் பெரும்பாலும் புதுக்கடனும் போயிற்று. மறைத்துக் கையொப்பமிடுதலோ அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

இங்கு எமக்கு ஒன்று விளங்கவில்லை. குறைந்த தவணையைச் செலுத்த இவன் வலியிலன் என்று மறுக்கும் பாங்கியே, கூடுதலான பழைய தவணையை அடுத்த மாதம் தவறாது கேட்கின்றது! பெரும்பாரம் சுமப்பவன் சிறுபாரம் சுமக்கமாட்டான் என்பது எவ்வூர்த் தருக்கமோ, அறியேம். புதிதாகக் கடன் கொடுப்போன் வேறொருவனாயின் அவன் அஞ்சுதல் நியாயமே. பழைய பாங்கியே ஆயின் அதற்குப் புதிதாய் நேரும் அபாயம் என்னை?

1933-ஆம் ஆண்டில், பெருமந்தத்தால் வீடுகள் ஏலம் போன காலத்து, அந்நாட்டு அரசாங்கம் வீட்டுடைமையாளர் கடன் கழகம் ஒன்றை நிறுவிற்று. தவணை தவறித் தவித்தோர்க்கென்றே எழுந்த அக்கழகம், ஏறத்தாழ 10 லட்சம் கடன்களை 5 சதவீத வட்டியில் 15 ஆண்டுத் தவணையாக மாற்றிற்று. தொடக்கத்தில் வட்டி மட்டும் செலுத்தவும் இடந்தந்தது. அவற்றுள் ஐந்திலொரு பங்கினர் பின்னர் வீடிழந்தனர் என்பதை மறைக்கலாகாது. எஞ்சியோர் ஏலத்திற்குத் தப்பினர். 1951-இல் அலுவலை முடித்தபொழுது கழகத்திற்குச் சிறிது ஆதாயமே மிஞ்சிற்று.