வணிகர் பகுதி: ரசீது என்னும் காப்பு

தமிழகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், அப்பளம், வடாம், சாம்பார்ப்பொடி, முறுக்கு முதலியவற்றைச் செய்து விற்கும் சிறுதொழில் நடைபெற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், இத்தொழிலில் இறங்கும் சகோதரியருள் பலர், கலப்படம் என்பது பெருவணிகர் செய்யும் குற்றம் என்றும், தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதுவன்று. கலப்படம் செய்பவர் ஒருவர். அறியாமல் அப்பொருளை வாங்கித் தம் பெயர் ஒட்டி விற்பவர் மற்றொருவர். சோதனையில் முதலில் அகப்படுபவர் பின்னவரே.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தில்லியில் நேர்ந்த துயரத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்து விற்கப்பட்டது. அதை உண்டவர்களுக்குக் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது, 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடுகைப் போலவே தோன்றும் அவ்விதையை, எண்ணெயாக ஆட்டிய பின்னர்க் கண்ணாலோ நாவாலோ பிரித்தறிதல் அரிது. அவ்வெண்ணெயில் பலகாரம் செய்து விற்றவர் எத்துணை நல்லவராயினும் என்ன பயன்?

ஆகவே, காப்பு வாங்கும் இடத்திலேயே தொடங்கவேண்டும். இயன்றவரை பொருள்களை முழுதாக வாங்கி, நாமே அரைத்துக்கொள்வது நன்று. மிளகாய்த்தூளில் சூடான் சாயமும், மஞ்சள்தூளில் ஈயக் குரோமேட்டும் கலக்கப்படுவதுண்டு. முழு மஞ்சளுக்கும் நிறமேற்றுவதுண்டாதலால், மிகுதியாகப் பளபளக்கும் கிழங்கை விலக்குக. மிளகில் காய்ந்த பப்பாளி விதை கலந்திருப்பின், நீரிலிட்டதும் அவ்விதை மிதக்கும். நல்ல மிளகு தாழும்.

கலவை யாவும் மோசடியன்று என்பதையும் உணர்தல் வேண்டும். காப்பித்தூளில் சிக்கரி சேர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது, இரண்டின் அளவையும் உறைமேல் அச்சிடவேண்டும் என்றே விதிக்கிறது. சொல்லிச் சேர்ப்பது வணிகம். மறைத்துச் சேர்ப்பது மோசடி.

இனி, இத்திங்கள் நாம் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், விற்பனையாளருக்கு உணவுப் பொருளை விற்பவர் அதன் தன்மை குறித்து எழுத்துமூலம் உறுதியளிக்கவேண்டும் என்கிறது. தனியே உறுதிமொழி எழுதித் தராவிடினும், அவர் கொடுக்கும் ரசீதே அவ்வுறுதியாகக் கொள்ளப்படும். வழக்கு நேர்ந்தால், தக்க எச்சரிக்கையுடன் நடந்துகொண்டோம், இயன்ற சோதனைகளைச் செய்தோம் என்று மெய்ப்பிப்பவருக்குச் சட்டம் எதிர்வாதத்துக்கு இடமளிக்கிறது. ரசீது இல்லையேல் அதை எங்ஙனம் மெய்ப்பிப்பது? வரி மிச்சம், விலை குறைவு என்று கூறி ரசீதின்றிச் சரக்குத் தரும் கடைக்காரர் நமக்குச் சலுகை செய்யவில்லை. தம் பொறுப்பை நம் தலையில் ஏற்றுகிறார். ஒவ்வொரு ரசீதையும் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள். எந்த நாள் வாங்கிய பருப்பு எந்த நாள் இடித்த பொடியில் சேர்ந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. எடுத்த மாதிரி நான்கு பகுதிகளாக்கப்படும். அவற்றுள் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புமாறு கேட்கும் உரிமை வணிகருக்கு உண்டு. அவ்வாறே, பொருளை வாங்கியவரும் கட்டணம் செலுத்தி அதை ஆய்வுக்கு அனுப்பலாம். குறை உறுதியானால் அக்கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

வீட்டிலேயே செய்து விற்போரும் பதிவு செய்துகொள்ளுதல் கடமையாகும். 14 இலக்கப் பதிவெண்ணை உறையில் அச்சிடுவது, பொருளுக்குப் பின்னால் ஒரு மனிதர் பொறுப்பேற்று நிற்கிறார் என்பதற்கு அடையாளம். அப்பொறுப்பைத் தாங்கும் வலிமையை ரசீதுக் கட்டு தருகிறது.

அயல் மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் பொருளில் குறை காணப்பட்டால், அப்பழி அண்டையிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் கடைகளையும் தீண்டும். ஆகையால், நாளை மளிகை வாங்கச் செல்லும் அன்பர்கள் பொருளுடன் ரசீதையும் தவறாது கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறோம்.