நாம் வாங்குவது கரண்டா?

"கரண்டு பில் வந்துவிட்டது" என்கிறோம். கரண்டு என்றால் மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். ஆனால், இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு கம்பி வழியே போகும் மின்னோட்டம் அவ்வளவும் மற்றொரு கம்பி வழியே வெளியேறிவிடுகிறது. கொஞ்சமும் குறைவதில்லை! பிறகு எதற்குப் பணம்?

பெட்டி எடுத்துக்கொண்ட ஆற்றலுக்கு. 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரத்தில் எடுப்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். பில்லில் காணும் 'யூனிட்' இதுதான். இதே ஒரு யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 111 மணி நேரம் எரியும்.

வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாவற்றையும் 'கரண்டு' என்ற ஒரே சொல்லில் அடைப்பது வெறும் சொற்பிழை அல்ல என்பது என் கருத்து. வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். 230 வோல்ட்டில் அந்தப் பெட்டி இழுப்பது சுமார் 4.3 ஆம்பியர். அதே இணைப்பில் 2000 வாட் வெந்நீர்க் கருவியையும் போட்டால் 13 ஆம்பியர்! 5 ஆம்பியர் ஃபியூஸ் உருகத்தானே செய்யும்? "கரண்டு வந்தால் சரி" என்று தடித்த கம்பியைக் கட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த முறை உருகுவது ஃபியூஸ் அல்ல, சுவருக்குள் ஓடும் கம்பியின் உறை.